தங்கவயலில் இல்லறப் பௌத்தம்: அறமும் பாவனையும் அன்றாட வாழ்வும்

முன்னுரை

தமிழ்ப் பௌத்தம் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலமாக மணிமேகலை, குண்டலகேசி, வீரசோழியம் ஆகிய நூல்களையும், காவிரிப்பூம்பட்டினம், காஞ்சி, நாகப்பட்டினம் ஆகிய ஊர்களையும் சுற்றியே அமைந்து வந்துள்ளன. மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ இவ்வகை ஆய்வுகளுக்கு வழிகாட்டியாக விளங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய நவீனத் தமிழ்ப் பௌத்தம் ஆய்வாளர்களின் கவனத்தைப் பரவலாகப் பெற்றது 1990-களின் பிற்பகுதியில்தான். ஞான. அலாய்சியஸ் 1998-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலும், 1999-இல் அவர் தொகுத்து வெளியிட்ட ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளும் இத்துறையில் திருப்புமுனைகளாக அமைந்தன.

இவ்வாய்வுகளுக்குப் பின் அயோத்திதாசரின் பௌத்தம் சமூக விடுதலைக்கான அடையாளமாகவும், சாதி எதிர்ப்பு வரலாற்று எழுத்தாகவும், தமிழ் இலக்கியத்தின் மறுவாசிப்பாகவும் விளக்கப்பட்டு வருகிறது. இவ்விளக்கங்கள் தேவையானவை. எனினும் அவற்றின் நிழலில் ஒரு வினா மறைந்து நிற்கிறது. பௌத்தம் என்பது நெறி. அதாவது நாள்தோறும் நடந்து காட்டவேண்டிய வழி. அப்பௌத்தத்தை ஏற்ற எளிய மக்கள் அதனை எவ்வாறு வாழ்ந்தனர்? அறமும் தியானமும் அவர்தம் அன்றாட வாழ்வில் எந்த இடத்தைப் பெற்றன? இவ்வினாவிற்கு விடைகாண ஏற்ற களம் கோலார் தங்கவயல் ஆகும். நவீனத் தமிழ்ப் பௌத்தம் கற்றோர் சிலரின் கொள்கையாக நின்றுவிடாமல் தொழிலாளர் குடியிருப்புகளில் வேரூன்றிய இடம் அது. அங்கு உருப்பெற்ற பௌத்தத்தின் நடைமுறைப் பக்கத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயலும் தமிழ்த் தொழிலாளரும்

மைசூர் அரசின் கிழக்கு எல்லையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் நிலப்பகுதியில் அமைந்தது தங்கவயல். 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஆங்கிலப் படையதிகாரி ஜான் வாரன், அப்பகுதி ஊர்மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கண்டு குறிப்பெழுதினார். 1870-களில் மைக்கேல் லவேல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் மைசூர் அரசிடம் அகழ்வுரிமை பெற்றார். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றதும் சுரங்கங்கள் ஆழம் பெறத் தொடங்கின. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் புகழ்பெற்றவை. 1902-இல் சிவசமுத்திரம் காவிரி அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிற்குக் கம்பி வழியாக மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்றாக அது கருதப்பட்டது. காவிரியின் ஆற்றல் முதலில் சென்று சேர்ந்தது எந்திரங்களையே. அவற்றை இயக்கிய மக்களின் தட்டி வீடுகளை அன்று.

நிலத்தடியில் இறங்கிய தொழிலாளருள் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழர். அவர்களுள் மிகுதியானோர் ஊர்ப்புறத்தில் தீண்டாமைக்கும் பண்ணை அடிமைமுறைக்கும் உட்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்கள். பஞ்சமும் கடனும் அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றின. தங்கவயல் மாதக்கூலி தந்தது. கிராமத்தின் சேரிக்கு வெளியே, ஊர்த்தெருவின் தடைகள் அற்ற ஒரு குடியிருப்பு அவர்களுக்கு முதன்முறையாகக் கிடைத்தது. அதற்குரிய விலை கடுமையானது. சாம்பியன் ரீப் சுரங்கம் பின்னாளில் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. ஆழம் கூடக்கூடப் பாறையின் வெப்பமும் அழுத்தமும் மிகுந்தன. அழுத்தம் தாங்காத பாறை எவ்வித முன்னறிவிப்புமின்றி வெடித்துச் சிதறுவது தங்கவயலின் நிலையான அச்சமாக இருந்தது. பாறைத்தூளை மூச்சில் ஏற்றதால் வரும் நுரையீரல் நோய் மற்றொரு மரணம். அது மெதுவாக வந்தது. ஆகவே நிலையாமை என்னும் பௌத்தக் கருத்து, தங்கவயல் தொழிலாளருக்கு நூலில் படித்து அறியவேண்டிய தத்துவமாக இருந்திருக்க இயலாது. காலையில் கூண்டில் இறங்கியவர் மாலையில் ஏறி வருவார் என்பது எவ்வீட்டிலும் உறுதியில்லை.

சங்கம் தங்கவயலை அடைதல்

க. அயோத்திதாசர் (1845-1914) சித்த மருத்துவர். தமிழ்ப் புலமை மிக்கவர். நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் அத்வைதச் சிந்தனையில் ஈடுபட்டவர். 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று, கொழும்பு வித்தியோதய பிரிவேனாவின் தலைவர் இக்கடுவை சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். இதுவே பின்னர்த் தென்னிந்திய பௌத்த சங்கம் என விரிந்தது. 1907 சூன் 19-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் தொடங்கியது. மறு ஆண்டு அது ‘தமிழன்’ எனப் பெயர் மாறியது.

அவ்விதழின் வழியாகவும், சென்னைக்கும் வடஆர்க்காட்டிற்கும் தங்கவயலுக்கும் இடையில் இடையறாது நிகழ்ந்த மக்கள் போக்குவரத்தின் வழியாகவும் பௌத்தம் தங்கவயலை அடைந்தது. மாரிகுப்பம், சாம்பியன் ரீப் முதலிய இடங்களில் சங்கக் கிளைகள் தோன்றின. எம். ஒய். முருகேசர், இ. நா. அய்யாக்கண்ணுப் புலவர் முதலியோர் தங்கவயலில் பணியாற்றினர். அண்மையிலிருந்த திருப்பத்தூரில் ஏ. பி. பெரியசாமிப் புலவர் முன்னின்றார். ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் தமிழ்த் தொழிலாளர் சென்ற வழியே சங்கமும் சென்றது. அறிஞர் ஒருவரின் இல்லத்தில் தோன்றிய இயக்கம், தொழிலாளர் இடப்பெயர்ச்சியின் தடங்களில் பரவியது என்பது கருதத்தக்கது.

1914-இல் அயோத்திதாசர் மறைந்தபின் ‘தமிழன்’ சிறிது காலம் நடந்து நின்றுபோனது. அவ்விதழை 1926-இல் மீண்டும் உயிர்ப்பித்த இடம் தங்கவயலே. ஜி. அப்பாத்துரையார் அதன் ஆசிரியராக இருந்து 1930-களின் நடுப்பகுதி வரை நடத்தினார். அயோத்திதாசர் இதழில் தொடராக எழுதியவற்றைச் சிறுசிறு நூல்களாக்கித் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை பதிப்பித்தது. இந்திரர் தேச சரித்திரம், விவாக விளக்கம், யதார்த்த பிராமண வேதாந்த விவரம் முதலியவை இவ்வாறு தலைமுறை கடந்து நிலைத்தன. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அயோத்திதாசரை மீட்டெடுத்தனர் என்று கூறப்படுவதுண்டு. ஆனால் மீட்டெடுப்பதற்கு எஞ்சியவற்றைக் காத்துவைத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களும் அவர்தம் சங்கங்களும் என்பதை மறத்தல் ஆகாது.

1898: ஒரே ஆண்டில் மூன்று நிகழ்வுகள்

அயோத்திதாசர் பஞ்சசீலம் ஏற்ற 1898-ஆம் ஆண்டிலேயே வேறு இரு நிகழ்வுகளும் நடந்தன. உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அரும்பத உரையுடன் பதிப்பித்து, பௌத்தத்தின் மும்மணிகளைப் பற்றிய உரைநடைப் பகுதிகளையும் அதனுடன் சேர்த்து வெளியிட்டார். இலங்கையில் அநகாரிக தருமபாலர், இல்லறத்தார்க்குரிய அன்றாட ஒழுக்கத் தொகுப்பைச் சிங்களத்தில் வெளியிட்டார். உண்ணுதல், உடுத்தல், பொதுவிடத்தில் நடந்துகொள்ளுதல் எனத் தொடங்கி 200 விதிகள் அதில் இடம்பெற்றன.

இம்மூன்றும் ஒன்றற்கொன்று தொடர்பின்றி நிகழ்ந்தவை. எனினும் மூன்றையும் சேர்த்து நோக்கும்போது ஒரு காலத்தின் போக்குப் புலனாகிறது. துறவியர் மடங்களிலும் ஏட்டுச்சுவடிகளிலும் இருந்த பௌத்தம் அச்சேறி இல்லறத்தார் கைக்கு வந்த காலம் அது. பர்மாவில் லெடி சயாதோ (1846-1923) அபிதம்மக் கல்வியையும் விபாசனைத் தியானத்தையும் இல்லறத்தாரிடையே பரப்பியதும் இதே காலத்தில்தான். அயோத்திதாசரும் லெடி சயாதோவும் ஏறத்தாழ ஒரே வயதினர். ஒருவர் தியானத்தை முன்னிறுத்தினார். மற்றவர் அறத்தையும் வரலாற்றையும் முன்னிறுத்தினார். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. பர்மியருக்குத் தாம் பௌத்தர் என்பதில் ஐயமில்லை. பௌத்தத்தை ஆழப்படுத்துவதே அவர்களுக்குரிய பணி. தமிழகத்தின் ஒடுக்கப்பட்டோருக்கோ தாம் யார் என்னும் வினாவே முதலில் நின்றது.

பஞ்சசீலமும் சுரங்க வாழ்வும்

சங்கத்தில் சேர்வோர் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றனர். கொல்லாமை, களவாமை, பிறன்மனை நயவாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை என்னும் ஐந்தும் பௌத்த உலகெங்கும் பொதுவானவை. எனினும் தமிழ் வாசகருக்கு அவை புதியனவாகத் தோன்றியிரா. திருக்குறளின் பிறனில் விழையாமை (15), கள்ளாமை (29), வாய்மை (30), கொல்லாமை (33), கள்ளுண்ணாமை (93) ஆகிய ஐந்து அதிகாரங்கள் இவ்வைந்து சீலங்களோடு ஒத்து நிற்பது வெளிப்படை. அயோத்திதாசர் இந்நூலைத் திரிபிடகத்தின் வழிநூலாகக் கொண்டு ‘திரிக்குறள்’ என வழங்கினார். ‘தமிழன்’ இதழில் அதற்கு உரை எழுதிவந்தார். அவ்வுரை முற்றுப்பெறுமுன் அவர் மறைந்தார். அவரது பெயர் விளக்கத்தை ஏற்பதா மறுப்பதா என்பது வேறு. சீலம் என்பது அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கட்டுப்பாடு அன்று, தம் மூதாதையர் மொழியிலேயே உள்ள அறம் என்னும் உணர்வை அவ்விளக்கம் தொழிலாளரிடம் உருவாக்கியது.

இச்சீலங்கள் சுரங்க வாழ்வில் எவ்வகைப் பொருள் பெற்றன என்பதை ஒவ்வொன்றாக நோக்கலாம். களவாமையை முதற்கண் கொள்ளலாம். தங்கம் எடுக்கும் தொழிலில் தொழிலாளி எப்போதும் ஐயத்திற்குரியவனாகவே நடத்தப்பட்டான். சுரங்கத்தை விட்டு வெளியேறும்போது உடல் சோதனை உண்டு. தங்கத் திருட்டைத் தண்டிக்கத் தனிச் சட்டமும் இருந்தது. 1930-இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவுசெய்யும் முறை கொண்டுவரப்பட்டபோது பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. தம்மைக் குற்றவாளிகளாகக் கருதும் ஏற்பாடாகத் தொழிலாளர் அதனைக் கண்டனர். இத்தகைய சூழலில் ஒருவன் தானே முன்வந்து, சபையின் நடுவில், ‘பிறர் பொருளைக் கவரேன்’ என உறுதி ஏற்பது பொருள் பொதிந்த செயலாகிறது. கண்காணிப்பால் வரும் ஒழுங்கு வேறு. தானே ஏற்கும் ஒழுக்கம் வேறு. முன்னது மனிதனைச் சிறுமைப்படுத்துகிறது. பின்னது அவனை அறத்திற்குரிய முகவனாக உயர்த்துகிறது.

கள்ளுண்ணாமையும் இவ்வாறே. கடும் உழைப்பிற்குப்பின் சாராயக்கடையை நாடுதல் எல்லாச் சுரங்க ஊர்களிலும் காணப்பட்ட வழக்கம். கூலி கடைக்குச் சென்றால் கடன் வளரும். கடன் வளர்ந்தால் ஊரில் விட்டுவந்த அடிமைநிலை வேறு உருவில் திரும்பும். எனவே ஐந்தாம் சீலம் தனிமனிதத் தூய்மை பற்றியது மட்டும் அன்று. குடும்பத்தின் பொருளியல் விடுதலை பற்றியதுமாகும். பொய்யாமை என்னும் சீலமும் அயோத்திதாசரிடம் விரிந்த பொருள் பெறுகிறது. திருவள்ளுவர் பிறப்புப் பற்றியும் அரிச்சந்திரன் பற்றியும் நந்தன் பற்றியும் வழங்கிய கதைகளை அவர் பொய்க்கதைகள் என மறுத்தார். ஒருவரையொருவர் ஏமாற்றாதிருத்தல் மட்டும் பொய்யாமை ஆகாது. ஒரு மக்களினத்தை இழிவுசெய்யும் கதையை ஆராயாமல் நம்புதலும் திருப்பிச் சொல்லுதலும் பொய்யின் பாற்பட்டவையே என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது.

கொல்லாமை என்னும் முதற்சீலம் தொழிலாளியை மட்டும் நோக்கியதன்று. தீக நிகாயத்தின் சிகாலோவாத சுத்தம் இல்லறத்தார்க்குரிய கடமைகளைத் திசைக்கொன்றாக வகுத்துக் கூறுகிறது. அதில் கீழ்த்திசை என நிலத்தடித் திசை பணியாளர்க்கு உரியது. வலிமைக்கேற்ப வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், அரிய உணவைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வளித்தல் ஆகிய ஐந்தும் தலைவன் பணியாளுக்குச் செய்யவேண்டிய கடமைகள். பணியாளும் பணியைச் செம்மையாகச் செய்தல் முதலிய ஐந்து கடமைகளை உடையவன். உண்மையிலேயே நிலத்தின் கீழே உழைத்த மக்களை முன்னிறுத்தி இச்சுத்தத்தை நோக்கினால், அறம் இருபாலும் கட்டுப்படுத்துவது என்பது விளங்கும். உழைப்பவனிடம் மட்டும் ஒழுக்கத்தை வேண்டும் சமயம் அவனை அடக்கும் கருவியாகும். உழைப்பைப் பெறுபவனிடமும் அதனை வேண்டும் சமயமே அறமாகும்.

தியானம்: சுருதி, சிந்தனை, பாவனை, தரிசனம்

தியானம் இப்பௌத்தத்தில் எங்கே என்னும் வினா இயல்பாக எழும். இக்காலத்தில் பௌத்தம் என்றவுடன் கண்மூடி அமர்ந்து மூச்சை நோக்கும் பயிற்சியே பலர் நினைவிற்கு வருகிறது. இந்நிலை அண்மைக் காலத்தது. பர்மாவில் லெடி சயாதோ, மகாசி சயாதோ, ஊ பா கின் ஆகியோர் வழியில் இல்லறத்தார் தியானம் வளர்ந்தது. ச. ந. கோயங்கா 1969-இல் இந்தியாவில் விபாசனை முகாம்களைத் தொடங்கிய பின்னரே அது இந்நாட்டில் பரவலாயிற்று. பத்து நாள் மௌனத்தில் அமரும் வாய்ப்புப் பணிமுறைக்கும் கூலிக்கும் கட்டுப்பட்ட சுரங்கத் தொழிலாளிக்கு இல்லை. அதனால் அவர்தம் பௌத்தம் தியானமற்றது என முடிவு செய்வது பொருந்துமா?

இங்கு மணிமேகலை உதவுகிறது. அக்காப்பியத்தின் இறுதிக் காதை, அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைத்த பவத்திறம் அறுக்கும் நெறியைக் கூறுவது. காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்று குற்றங்களும் அவற்றுக்குரிய மாற்றுகளும் அங்குச் சொல்லப்படுகின்றன. நிலையாமையையும் துன்பத்தையும் தன்னின்மையையும் தூய்மையின்மையையும் உணர்ந்து காமத்தை நீக்கவேண்டும். மைத்திரி, கருணை, முதிதை ஆகியவற்றால் வெகுளியை நீக்கவேண்டும். சுருதி, சிந்தனை, பாவனை, தரிசனம் என்னும் நான்கால் மயக்கத்தை நீக்கவேண்டும். கேட்டல், கேட்டதை எண்ணுதல், எண்ணியதைப் பயிலுதல், பயின்றதன் பயனாகக் காணுதல் என இந்நான்கும் படிமுறையாக அமைந்தவை. தியானம் என்பது இங்குத் தனித்து நிற்கும் செயல் அன்று. கேள்வியில் தொடங்கிக் காட்சியில் முடியும் நீண்ட பயிற்சியின் ஒரு கட்டம்.

இப்படிமுறையைத் தங்கவயல் நடைமுறையோடு ஒப்பிட்டால் ஒற்றுமை புலப்படும். ஓய்வுநாட்களில் நிகழ்ந்த சங்கச் சொற்பொழிவுகள் சுருதி. எழுத்தறியாதோர் பலர் இருந்த குடியிருப்புகளில் இதழை ஒருவர் படிக்கப் பிறர் கேட்பதும் சுருதியே. கேட்டதைப் பற்றி வினா எழுப்புதல் சிந்தனை. ‘தமிழன்’ இதழில் வாசகர் வினாக்களுக்கு விடை தரும் பகுதி தொடர்ந்து இடம்பெற்றது இதற்குச் சான்று. சீலத்தை வீட்டிலும் பணியிடத்திலும் காத்தல் பாவனை. பிறப்பால் தாழ்ந்தவன் என்று தன்னைப் பற்றித் தானே கொண்டிருந்த மயக்கம் நீங்குதல் தரிசனம். பிறர் சுமத்திய இழிவைத் தன் இயல்பாக எண்ணியிருந்த ஒருவன், அவ்வெண்ணம் காரணத்தால் தோன்றியது, காரணம் நீங்க நீங்குவது என்று காண்பதற்குச் சார்பின் தோற்றம் என்னும் பௌத்தத் தத்துவமே துணை.

சார்புகளின் தொடரில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் கண்ணிகள் அன்றாட வாழ்விற்கு மிக நெருங்கியவை. புலன் பொருளைத் தொடுதல் ஊறு. அதனால் இன்பமோ துன்பமோ தோன்றுதல் நுகர்வு. அதனை வேண்டுதல் வேட்கை. விடாது பிடித்தல் பற்று. நுகர்வு தடுக்க இயலாதது. உடல் வலிக்கும், பசி எடுக்கும், அவமதிப்புச் சுடும். ஆனால் நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி உண்டு. அவ்விடத்தில் விழிப்போடு நிற்பதே பௌத்தம் கூறும் சதி, அதாவது நினைவுடைமை. பணி முடிந்து வருபவன் சாராயக்கடையைக் கடந்து வீடு செல்லும் சில நிமிடங்களில் நிகழ்வதும் இதுவே. அதற்கு மணையோ மௌன மண்டபமோ தேவையில்லை. உடல், நுகர்ச்சி, உள்ளம், அறப்பொருள் ஆகிய நான்கின்மேல் நினைவை நிறுத்துமாறு கூறும் சதிபட்டான சுத்தமும், நடத்தல், நிற்றல், உண்ணல், பேசுதல் ஆகிய எல்லாச் செயல்களையும் பயிற்சிக்களமாகவே கொள்கிறது.

பேராசிரியர் பொ. இலட்சுமி நரசு (1861-1934) இவ்வகை அறிவுநெறிக்கு அடித்தளம் அமைத்தார். அவர் 1907-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘பௌத்தத்தின் சாரம்’ என்னும் நூல், சாதி, பெண்கள் நிலை, துறவு, எண்வகை நெறி ஆகியவற்றைத் தனித்தனி இயல்களில் ஆராய்கிறது. அற்புதங்களையும் சடங்குகளையும் சாராமல், அறிவுக்கு ஒத்த அறநெறியாகப் பௌத்தத்தை அது விளக்குகிறது. 1948-இல் அம்பேத்கர் இந்நூலைத் தம் முன்னுரையுடன் மீண்டும் வெளியிட்டார். தங்கவயல் பௌத்தர்களின் தமிழ் எழுத்துகளுக்கும் மராட்டியத்தில் எழுந்த பின்னைய இயக்கத்திற்கும் இடையே ஒரு பாலமாக இந்நூல் விளங்குகிறது.

நாட்காட்டியின் மாற்றம்

அன்றாட வாழ்வை மாற்ற முனையும் எந்நெறியும் நாட்காட்டியைத் தொடாமல் இருக்க இயலாது. பௌர்ணமி நாட்களும் புத்தர் பிறந்தநாளும் சங்கத்தின் சிறப்பு நாட்களாயின. ஆனால் பொங்கலையும் தீபாவளியையும் கார்த்திகையையும் விட்டுவிடுமாறு அயோத்திதாசர் கூறவில்லை. அவற்றுக்கு வேறு பொருள் உரைத்தார். தீபாவளியை எள்நெய்யின் பயன் கண்டறியப்பட்ட நாளாகவும், கார்த்திகை தீபத்தை ஆமணக்கு நெய் கண்டறியப்பட்ட நாளாகவும், மார்கழி இறுதிநாளைப் புத்தரின் நிருவாணத்தை நினைவுகூரும் நாளாகவும் அவர் விளக்கினார். மாரியம்மன் வழிபாட்டை அம்பிகை என்னும் பௌத்தப் பிக்குணியின் நினைவாகக் கொண்டார். திருமணத்திற்கு ‘விவாக விளக்கம்’ என்னும் நூல் வழிகாட்டியது.

இவ்விளக்கங்களுள் பல மொழிநூல், வரலாற்று நூல் நெறிகளுக்கு உட்பட்டு நிற்பன அல்ல. அதனை மறைக்கவேண்டுவதில்லை. எனினும் அவற்றின் செயலை நோக்கவேண்டும். பலியும் மதுவும் கொண்டு நிகழ்ந்த விழா, விளக்கேற்றி அறம் கேட்கும் விழாவாக மாறுவதற்கு இவை இடமளித்தன. விழா அதேதான், வீட்டில் விளக்கு ஏற்றுபவரும் அவரே, அவர் அதனைச் செய்யும் கருத்து மட்டும் வேறு. பௌத்தத்தில் செயலின் அறத்தன்மையைத் தீர்மானிப்பது சேதனை, அதாவது உள்நோக்கம். அவ்வகையில் விழாக்களின் மறுவிளக்கம் பௌத்த உளவியலோடு இயைந்ததே.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

தங்கவயல் பௌத்தம் சமயம் அன்று, சாதி இழிவிலிருந்து விடுபட மேற்கொண்ட அரசியல் உத்தியே என்று கூறுவோர் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைச் சாதியற்ற பௌத்தர் எனப் பதிவுசெய்யுமாறு சங்கம் வேண்டியதை இதற்குச் சான்றாகக் காட்டலாம். இம்மறுப்பின் பின்னணியில், அரசியல் வேறு ஆன்மிகம் வேறு என்னும் பிரிப்பு உள்ளது. இப்பிரிப்பைப் பௌத்தம் ஏற்பதில்லை. தம்மபதத்தின் இருபத்தாறாம் வர்க்கம் முழுவதும் யார் பிராமணன் என்னும் வினாவிற்கு விடையாகவே அமைந்துள்ளது. பிறப்பு, குடும்பம், சடைமுடி ஆகியவற்றால் ஒருவன் பிராமணன் ஆவதில்லை. வாய்மையாலும் அறத்தாலும் பற்றின்மையாலும் ஆகிறான் என்பது அதன் கருத்து. அயோத்திதாசர் ‘வேஷ பிராமணர்’, ‘யதார்த்த பிராமணர்’ எனப் பிரித்தது இம்மரபைச் சார்ந்தது. ஒருவர் தம்மைச் சாதியற்றவர் எனப் பதிவுசெய்யும்போது அரசியல் உரிமையைக் கோருகிறார். அதேவேளையில் தம் ஒழுக்கமே தம் அடையாளம் என்னும் கடமையையும் ஏற்கிறார். உரிமையும் கடமையும் இங்கு ஒரே செயலின் இரு முகங்கள்.

எனினும் மறுப்பில் ஓர் உண்மை உண்டு. துறவியர் சங்கம் உறுதியாக வேரூன்றாத இடத்தில் இல்லறப் பௌத்தம் தலைமையையும் அச்சகத்தையும் பெரிதும் சார்ந்திருக்க நேர்கிறது. இதழ் நின்றால் சுருதி நிற்கிறது. சுருதி நின்றால் பிறவும் தளர்கின்றன. 1930-களுக்குப்பின் சுயமரியாதை இயக்கமும் தொழிற்சங்க இயக்கமும் தங்கவயல் இளைஞரை ஈர்த்தன. அப்பாத்துரையாரே சுயமரியாதை இயக்கத்தோடு நெருக்கம் கொண்டிருந்தார். 1946 நவம்பரில் வேலைநிறுத்தத்தின்போது நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் அறுவர் உயிரிழந்தனர். அறநெறியால் மட்டும் தீர்க்க இயலாத வினாக்கள் தங்கவயலில் இருந்தன என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பிற்காலம்

1954-இல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வருகை தந்தார். நாகபுரியில் 1956 அக்டோபர் 14-இல் அவர் பௌத்தம் ஏற்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பௌத்த மரபுடைய ஒரு தொழிலாளர் நகரத்தை அவர் கண்டார் என்பது வரலாற்றில் உரிய அழுத்தம் பெறாத செய்தி. அப்பாத்துரையாரின் ‘புத்தர் அருளறம்’ தமிழில் இம்மரபின் முதிர்ந்த நூல். பின்னர் இந்தியக் குடியரசுக் கட்சியின் வேட்பாளர்கள் தங்கவயலிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் இம்மரபே பின்புலம்.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-இல் அவை நடுவணரசின் கீழ்ச் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழில் இழந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை விடியலில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் நிலை ஏற்பட்டது. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய சயனைடு மண்மேடுகள் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. நிலத்தடியில் ஒரு நூற்றாண்டு உழைத்த மக்களுக்கு ஊரில் எஞ்சியது அம்மண்ணே. தங்கவயலில் அச்சான சிறுநூல்களோ அம்மக்களின் வீடுகளிலிருந்தே ஆய்வுலகிற்கு வந்து சேர்ந்தன.

முடிவுரை

தங்கவயல் பௌத்தம் மூன்று செய்திகளை உணர்த்துகிறது. முதலாவதாக, நவீனத் தமிழ்ப் பௌத்தத்தை அடையாள அரசியலாக மட்டும் காண்பது அதனை ஏற்ற மக்களின் அறமுயற்சியைக் குறைத்து மதிப்பிடுவதாகும். இரண்டாவதாக, தியானம் என்பதை அமர்ந்து செய்யும் பயிற்சியாக மட்டும் குறுக்காமல், மணிமேகலை காட்டும் சுருதி, சிந்தனை, பாவனை, தரிசனம் என்னும் படிமுறையாகக் கொண்டால், உழைக்கும் மக்களின் வாசிப்பும் கேள்வியும் ஒழுக்கமும் பௌத்தப் பயிற்சியாகவே விளங்கும். மூன்றாவதாக, மணிமேகலையைப் பாடநூலாகக் கற்பிக்கும் தமிழ்த் துறைகள், அந்நெறியை இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்து பார்த்த ஒரு தமிழ்ச் சமூகத்தின் நூல்களையும் உடன்வைத்துக் கற்பித்தல் வேண்டும்.

இதில் காலத்தாழ்வு கூடாது. சித்தார்த்த புத்தகசாலை வெளியீடுகளும் ‘தமிழன்’ இதழின் தங்கவயல் தொகுதிகளும் மலிவுத்தாளில் அச்சானவை. அத்தாள் நொறுங்கி வருகிறது. சங்கச் சொற்பொழிவுகளைச் சிறுவராக இருந்து கேட்டவர்கள் முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்தம் நினைவுகளைப் பதிவுசெய்தலும், எஞ்சிய இதழ்களைத் திரட்டிப் பாதுகாத்தலும் தமிழாய்வின் உடனடிக் கடமைகள். நிலையாமையை நன்கறிந்த மக்கள் காத்துவைத்த ஏடுகளை, அவை அழியுமுன் கற்பதே அவர்களுக்குத் தமிழுலகம் செய்யத்தக்க கைம்மாறு ஆகும்.